தோள் இறங்கிய இளைஞன்

2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் இரவு. தேவமாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. ஆம்பூரை அடுத்த நம் பங்கில் சப்பரம் புறப்பட்டு மூன்று தெருக்களைக் கடந்துவிட்டது. எட்டு இளைஞர்கள் தோள்களில் சுமந்து வர, பின்னே நாம் விழாப் போர்வை அணிந்து செபமாலை சொல்லி வந்தோம். தோல் தொழிற்சாலை மதிலை ஒட்டிய திருப்பத்தில், மேலே தொங்கிய மின்கம்பிக்காகச் சப்பரத்தைச் சற்றே சாய்த்துத் திருப்பினார்கள். அப்போது வலப்புறத்து முன்தண்டு திடீரென்று சரிந்தது. மாதாவின் முடி நழுவிற்று. கண்ணாடி விளக்கொன்று விழுந்து உடைந்தது. மற்ற ஏழு பேரும் பதறித் தாங்கிக்கொண்டதால் சுரூபம் பிழைத்தது.

முன்தண்டைச் சுமந்தவன் இருபத்து மூன்று வயது இளைஞன். முகம் வெளிறி, நெற்றியில் வியர்வை வழிய, தள்ளாடியபடி ஓரமாய் ஒதுங்கினான். நாம் என்ன நினைத்தோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திருவிழா இரவில் தள்ளாடும் இளைஞனைக் கண்டு எந்தப் பங்குக் குருவும் நினைப்பதையே நினைத்தோம். நினைத்ததோடு நின்றிருக்கலாம். கையில் ஒலிபெருக்கி இருந்தது. “குடித்தவன் மாதாவின் சப்பரத்தைத் தொடலாகாது” என்று சொன்னோம். தெரு முழுவதும் கேட்டது. அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இடக்கையால் வலது முழங்கையை ஏந்திப் பிடித்தபடி இருட்டில் நடந்து போய்விட்டான்.

மூன்றாம் நாள் காலைப் பூசை முடிந்ததும் அவன் தாய் வந்து நின்றாள். காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேல்தோல் தைக்கும் வேலை செய்பவள், கணவனை இழந்தவள்.

“தோத்திரம் சாமி. என் பிள்ள குடிக்கலிங்க சாமி. தோள் எறங்கிடுச்சு. இதோட பதினோராவது தடவ.”

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் நம்மைக் கண்டு எழுந்தான். நாம் செய்தது தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். “அட விடுங்க ஃபாதர்” என்றான். தாய் மட்டும் காப்பித் தம்ளரை வைத்தபடியே மெதுவாக, “சாமி வீட்டுக்கு வந்து சொல்லிட்டீங்க, சந்தோஷம். ஆனா அன்னிக்குத் தெருவே கேட்டுச்சு” என்றாள். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

பதினோரு முறை என்பது எப்படி என்று அவன் வாயாலேயே கேட்டோம். முதன்முறை பதினேழாவது வயதில், கபடி ஆட்டத்தில் ஒருவன் நீட்டிய கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தபோது. அப்போது மூட்டைத் திரும்ப ஏற்றிவிட்டு, புத்தூர்க் கட்டுப் போட்டு, மூன்று வாரத்தில் பிரித்துவிட்டார்கள். சித்தூர்ப் பக்கத்துப் புத்தூர் நமக்கு அருகில்தான். எலும்பு முறிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போய் வருகிறார்கள். முறிந்த எலும்பு அசையாமல் கிடந்தால் தானே ஒட்டும். அதில் கட்டுக்கு வேலை உண்டு. ஆனால் மூட்டின் உள்ளே கிழிந்த விளிம்பு வெளியே கட்டும் துணியால் ஒட்டுவதில்லை. இதை நாம் பின்னர்தான் அறிந்தோம்.

அடுத்த முறைகள் தொழிற்சாலையில். அவன் ஈரத்தோல் பகுதியில் வேலை செய்தான். தோல் பதனிடும் வேலையை வெளியூர் வாசகர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். பச்சைத் தோலை ஊற வைத்து, சுண்ணாம்பிலிட்டு மயிர் நீக்கி, உட்புறச் சதையை வழித்தெடுத்து, பெரிய மரப் பீப்பாய்களில் குரோம் உப்போடு சுழற்றுவார்கள். நம் பாட்டனார் காலத்தில் குரோமுக்குப் பதில் ஆவாரம் பட்டை. பீப்பாயிலிருந்து நீல நிறமாய் வெளிவரும் ஈரத்தோலைக் கையால் இழுத்து அடுக்க வேண்டும். எருமைத் தோலானால் ஒன்றே இருபது முப்பது கிலோ இருக்கும். வழவழவென்று பிடிக்கு நிற்காது. பிறகு தலைக்கு மேலுள்ள கொக்கிகளில் உலர மாட்டுவார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கி, வெளிப்புறமாய்த் திருப்பி, பாரத்தோடு பின்னுக்குத் தள்ளும் அசைவு அது. தோள் மூட்டை நழுவச் செய்வதற்கென்றே ஒருவர் யோசித்துக் கண்டுபிடித்தாலும் இதைவிடப் பொருத்தமான அசைவு கிடைக்காது. சப்பரத் தண்டை நிமிர்த்திப் பிடித்த கையும் அதே நிலையில்தான் இருந்தது.

நாலாவது ஐந்தாவது முறைக்குப் பிறகு மருத்துவமனைக்கும் போவதில்லை. கட்டில் சட்டத்தில் கையை மாட்டித் தானே ஏற்றிக்கொள்ளப் பழகிவிட்டான். ஒருமுறை தூக்கத்தில் புரண்டு படுத்தபோதே கழன்றதாம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். மூத்த தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘கை விளங்காதவன் குடும்பம்’ என்ற பேர் வந்துவிடும். ஆறு ஆண்டுகள் ஒருவன் தன் தோளைத் திருட்டுப் பொருள் போல் மறைத்து வைத்திருக்கிறான். வாரந்தோறும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் நமக்கு அது தெரியவில்லை.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவனை அழைத்துச் சென்றோம். ஆம்பூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பெரியவர்கள் இன்றும் ‘மிஷன் ஆஸ்பத்திரி’ என்றே சொல்கிறார்கள். இதனைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். ஆனால் இந்த மாவட்டத்தில் அவரால் பிழைத்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கணக்கில்லை. 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வேலை அது.

எலும்பு மருத்துவர் இளைஞனை உட்காரவைத்து, அவன் கையைப் பக்கவாட்டில் உயர்த்தி, மெல்ல வெளிப்புறமாய்த் திருப்பினார். ஒன்றைக் கவனித்தோம்: அவர் தோளைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். கை ஓரளவு திரும்பியதும் பையனின் கண்கள் விரிந்தன; உடம்பு முழுவதும் இறுகிற்று. “போதும்” என்று கையை இறக்கிவிட்டார். வலியைத் தேடவில்லை, அச்சத்தைத் தேடினாராம். மூட்டு எந்த நிலையில் நழுவும் என்பதை நோயாளியின் அறிவைவிட முந்தி அவன் அச்சம் அறிந்திருக்கும் என்றார். பிறகு தோளின் வெளிப்புறத் தோலைத் தடவி, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். மூட்டு கழலும்போது அங்கே செல்லும் நரம்பு நசுங்குவதுண்டு. அதனால்தான் தெரிந்தவர் தெரியாதவரெல்லாம் கையைப் பிடித்து இழுத்து ஏற்றலாகாது.

அவர் படம் வரைந்து விளக்கியதை நாம் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறோம். இடுப்பு மூட்டு, ஆழமான கிண்ணத்தில் உட்கார்ந்த பந்து, எளிதில் கழலாது. தோள் மூட்டு அப்படியன்று. மேற்கை எலும்பின் தலை பெரியது. அது பொருந்தும் கிண்ணமோ சிறியது, ஆழமற்றது. தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் எனலாம். எந்த நேரத்திலும் பந்தின் மூன்றில் ஒரு பங்குகூடக் கிண்ணத்தைத் தொட்டிருப்பதில்லை. தட்டின் விளிம்பைச் சுற்றி வரப்புக் கட்டினாற்போல் ஒரு குருத்துவிளிம்பும், தசைநார்களும், சுற்றியுள்ள தசைகளுமே பந்தை நிறுத்தி வைக்கின்றன. இந்த ஆழமின்மைதான் கைக்கு இவ்வளவு சுதந்தரத்தைத் தருகிறது. முதுகைச் சொறியவும் மாங்காய் அடிக்கவும் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கவும் முடிவது அதனால்தான். சுதந்தரத்தின் விலை, நழுவும் அபாயம்.

முதல்முறை முன்புறமாய் நழுவும்போதே விளிம்பின் முன்பகுதி எலும்பிலிருந்து கிழிந்துவிடுகிறது. வரப்பு உடைந்த வயலில் நீர் அதே வழியே ஓடுவது போல், அடுத்தமுறை பந்து அதே வழியே போகிறது. முதல் விலகல் இருபது வயதுக்குள் நேர்ந்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது மீண்டும் மீண்டும் வரும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு அவ்வளவு வருவதில்லை, ஆனால் தசைநார் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பந்தின் பின்புறம் கிண்ண விளிம்பில் மோதிப் பள்ளமாகிறது. கிண்ணத்தின் முன்விளிம்பும் சிறிது சிறிதாய்த் தேய்கிறது. பதினோரு முறை கழன்ற நம் இளைஞனுக்கு, சி.டி. படம் எடுத்துப் பார்த்தபோது, முன்விளிம்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு எலும்பே போயிருந்தது.

இந்த நோய் புதியதன்று. ஈராயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டீஸ் பெயரால் வழங்கும் நூலிலேயே இது வருகிறது. அடிக்கடி கழலும் தோளுக்கு அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடிட்டு, தழும்பால் மூட்டை இறுக்கச் சொல்கிறது அந்நூல். கிழிந்த விளிம்பே மூலகாரணம் என்பதைத் தெளிவாக எடுத்துக்காட்டி, அதை எலும்போடு தைக்கும் முறையை 1923இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் பாங்கார்ட் என்னும் அறுவை மருத்துவர். இன்று அதையே சிறு துளைகள் வழியாகக் குழாய்க் கருவி செலுத்தி, எலும்பில் நூல் கோத்த முளைகளைப் பதித்துச் செய்துவிடுகிறார்கள். ஆனால் எலும்பே தேய்ந்துவிட்டவனுக்கு, அதிலும் பாரம் தூக்கிப் பிழைப்பவனுக்கு, தையல் மட்டும் நிற்பது அரிது. அதற்கு 1954இல் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து மருத்துவர் லாட்டர்ஜே ஒரு வழி சொன்னார். தோள்பட்டை எலும்பின் முன்னே கொக்கி போல் நீண்டிருக்கும் ஒரு முனையை, அதில் ஒட்டிய தசைநாரோடு அறுத்தெடுத்து, தேய்ந்த விளிம்பில் வைத்து இரண்டு திருகாணிகளால் முடுக்கிவிடுவது. எலும்பு குறைந்த இடத்தில் எலும்பு சேர்கிறது. கை உயரும்போது அத்தசைநார் முன்புறத்தில் வார் போலக் குறுக்கே நின்று பந்தைத் தடுக்கிறது.

அந்தக் கொக்கி எலும்பின் பெயரை மருத்துவர் சொன்னதும் நமக்குக் குருமடம் நினைவுக்கு வந்தது. ‘கோராக்ஸ்’ என்றால் கிரேக்கத்தில் காக்கை. காக்கையின் அலகு போலிருப்பதால் அந்தப் பெயர். குருமடத்தில் கிரேக்க வகுப்பில் தூங்கிய நமக்கு, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சொல் பயன்பட்ட இடம் எலும்புப் பிரிவு! மருத்துவரிடம் சொன்னோம்; சிரித்தார். தாய் மட்டும், “காக்கா மூக்கா சாமி?” என்று கவலையோடு கேட்டாள்.

அவளுடைய கவலை காக்கையைப் பற்றியதன்று. வேலை செய்கிற கையில் கத்தி வைப்பதா? ஏற்கெனவே வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்திருந்தாள். மாதா சுகம் கொடுக்கமாட்டாளா என்று கேட்டாள். நாம் பிரசங்கம் செய்யவில்லை. “அம்மா, நீங்கள் நடந்து போங்கள், அவன் கத்திக்குப் போகட்டும். இரண்டும் ஒரே வேண்டுதல்தான்” என்றோம். ஆபத்தே இல்லை என்று மருத்துவரும் சொல்லவில்லை. நரம்பு பாதிக்கப்படலாம், வைத்த எலும்பு ஒட்டாமல் போகலாம், கை வெளிப்புறம் திரும்புவது சற்றே குறையலாம். இவை சிலருக்கு நேர்வதுண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் பையன் சம்மதித்தான் என்று நினைக்கிறோம்.

செலவில் ஒரு பகுதியை மருத்துவமனையே குறைத்தது. மீதிக்குப் பங்குப் பேரவையில் பேச்செடுத்தோம். திருவிழா வாணவேடிக்கைக்கென்று அடுத்த ஆண்டுக்காக எடுத்துவைத்த தொகை இருந்தது. ‘வாணம் இல்லாத திருவிழாவா’ என்று இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்; ஒருவர் இன்றும் நம்மோடு முழு மனத்தோடு பேசுவதில்லை. வின்சென்ட் தே பவுல் சபையார் ஆறு மாதத்துக்கு அரிசி கொடுக்க ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கே குடும்பங்களுக்கு ஒரு செய்தி. பையனிடம் இ.எஸ்.ஐ. அட்டை இருந்தது, மாதந்தோறும் கூலியில் பிடித்தம் நடந்தது, ஆனால் அது எதற்கென்று அவனுக்குத் தெரியாது. சந்தா முறையாகக் கட்டப்பட்ட தொழிலாளி நோயுற்றால், இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்றின்பேரில், கூலியில் நூற்றுக்கு 70 பங்கு, ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். வேலையில் ஏற்பட்ட காயமானால் 90 பங்கு. தொழிற்சாலையில் தோள் கழன்ற நாட்களில் ஒருமுறையாவது அவன் வாய் திறந்திருந்தால் அது வேலைக் காயமாகப் பதிவாகியிருக்கும். மறைத்ததால் நோய்க்கால உதவி மட்டுமே கிடைத்தது. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குப் போகும் பிள்ளைகள், தங்கள் பெயருக்குச் சந்தா உண்மையாகவே கட்டப்படுகிறதா என்று கேட்டு அறிந்துகொள்வது நல்லது.

2019 சனவரியில் அறுவை நடந்தது. மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோன பின், தாயும் நாமும் வெளியே விசிப்பலகையில் அமர்ந்திருந்தோம். அவள் செபமாலை சொன்னாள். நாமும் சொன்னோம், இடையிடையே மனம் சிதறிற்று. யோபு தன் நேர்மைக்குச் சாட்சியாக ஓர் ஆணையிடுகிறார்: திக்கற்றவனுக்கு எதிராகக் கை ஓங்கியிருந்தால் தன் தோள் மூட்டினின்று கழன்று விழட்டும் என்கிற பொருளில். எத்தனையோ முறை வாசித்த பகுதி. தகப்பனில்லாத பிள்ளை ஒருவனுக்கு எதிராக ஒலிபெருக்கியை ஓங்கிய நம் தோள் அசையாமல் இருக்க, அவன் தோள் உள்ளே அறுபட்டுக்கொண்டிருந்தது.

வேறொன்றும் நினைத்தோம். இதே மருத்துவமனைக்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு நல்ல தசையின் நாரை மாற்றி வைத்து உயிர் கொடுத்தவர். அந்த நோயாளிகள் கட்டுப் பிரித்த பின் விரல்களுக்குப் புதிதாகப் பாடம் கற்பிக்க வேண்டியிருந்தது. மாற்றி வைத்த தசைக்குத் தன் புதிய வேலை தெரியாதல்லவா? இங்கே பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்து, 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தோன்றக் காரணமானார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வேலூரில் ‘ஆப்பரேஷன் முடிந்தது’ என்றால் பாதி வேலை முடிந்தது என்றே பொருள். மறுபாதியின் மதிப்பை அறிந்த ஊர் இது.

அந்த மறுபாதியைத்தான் நாம் அருகிருந்து பார்த்தோம். முதல் நான்கு வாரம் கை தூக்குப்பையில். மல்லாந்து படுக்க முடியாது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்கினான். சட்டை போடும்போது நோயுற்ற கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். விரல்களையும் மணிக்கட்டையும் முழங்கையையும் தினமும் அசைக்க வேண்டும். வலக்கை கட்டிக்கிடக்க, சோற்றை இடக்கையால் தொட மனமில்லை. இருபத்து மூன்று வயது மகனுக்குத் தாயே ஊட்டினாள். ஒருநாள் நாம் நற்கருணை கொண்டு சென்றபோது அவன் இடக்கையால் சிலுவை அடையாளம் வரைந்தான். தாய் திடுக்கிட்டு அவன் கையைத் தட்டிவிட்டாள். “அம்மா, ஆண்டவருக்கு இரண்டு கையும் தெரியும்” என்றோம். அவள் அரை மனத்தோடு ஒப்புக்கொண்டாள்.

உடற்பயிற்சி மருத்துவர் ஓர் இளம் பெண், கண்டிப்பானவர். முதலில் கற்பித்தது, இடுப்பை வளைத்துக் குனிந்து கையைத் தளர்த்தி மெல்ல ஆடவிடுவது, கோயில் மணியின் நாக்கைப் போல. பிறகு சுவரில் விரல்களால் ஏறுவது. வீட்டுச் சுவரில் அவன் விரல் எட்டிய இடத்தைத் தாய் அடுப்புக் கரியால் கோடிட்டு, பக்கத்தில் தேதியை எழுதினாள். சில நாட்கள் கோடு ஏறாது. சில நாட்கள் இறங்கிக்கூட இருந்தது. கையை வெளிப்புறமாய்த் திருப்புவதும் பின்னால் ஊன்றுவதும் பல வாரங்களுக்கு விலக்கப்பட்டிருந்தன. ஆறு வாரத்துக்குப் பின் தன் பலத்தாலேயே தூக்குதல். மூன்றாம் மாதத்தில் படமெடுத்து எலும்பு ஒட்டியது கண்ட பின்பே ரப்பர்ப் பட்டையை இழுத்துத் தசையைப் பலப்படுத்துதல்.

இதில் வலியைவிடக் கொடியது வலி நின்றபின் வரும் காலம். ஏழாம் வாரத்தில் அவனுக்கு நோவு ஏறக்குறைய இல்லை. ‘ஏற்றுமதி அவசரம், இரட்டைக் கூலி’ என்று ஒப்பந்தக்காரரிடமிருந்து போன் வந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பூசைக்கு மணியடிக்க வந்த உபதேசியார், பையன் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதாகச் சொன்னார். அங்கியோடு ஓடினோம். இலொயோலா இஞ்ஞாசியாரைப் பற்றிச் சொன்னோம்: 1521இல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு காலை முறித்தது, சரியாகச் சேராத எலும்பை மயக்க மருந்தில்லாத அக்காலத்தில் மீண்டும் அறுத்துத் திருத்தினார்கள், மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தபோது வாசித்த நூல்கள்தாம் போர்வீரரைப் புனிதராக்கின என்று. அவன் பொறுமையாகக் கேட்டான். “ஃபாதர், அவருக்கு வீட்டு வாடகை கிடையாது” என்றான்.

உண்மைதான். நாம் வாயடைத்து நின்றோம். சிறிது நேரம் கழித்து அவனே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, தான் படம்பிடித்து வைத்திருந்த எக்ஸ்ரேயைப் பார்த்தான். இரண்டு திருகாணிகள் வெள்ளையாகத் தெரிந்தன. “இந்த ரெண்டு ஸ்க்ரூதான் இப்பப் புடிச்சிட்டிருக்கு, எலும்பு இன்னும் ஒட்டல, இன்னிக்குத் தோல் தூக்கினா ஸ்க்ரூ வளையும்னு அந்த மேடம் சொன்னாங்க” என்றான். பேருந்து வந்தது, போயிற்று. அவன் ஏறவில்லை. நம் இஞ்ஞாசியாரால் ஆகாததை ஒரு படம் செய்தது. அந்த மாத வாடகையை யார் கொடுத்தார்கள் என்பது இங்கே வேண்டாம்.

பின்னாளில் 2021 மார்ச்சில் கிரிக்கெட் வீரர் ஷ்ரேயாஸ் ஐயருக்குப் புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் இடத்தோள் விலகி, ஏப்ரலில் அறுவை நடந்து, செப்டம்பரில் அவர் மீண்டும் களமிறங்கினார். அதைக் காட்டி, “பாருங்க ஃபாதர், அவருக்கும் அஞ்சு மாசம் ஆச்சு” என்று நம் இளைஞன் மிகுந்த திருப்தியோடு சொன்னான்.

2019 சூலையில் வேலைக்குத் திரும்பினான். கொக்கியில் மாட்டும் வேலை வேண்டாமென்று மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டை மேலாளரிடம் நீட்ட முதலில் தயங்கினான், பிறகு நீட்டினான். உலர்ந்த தோலை அளவெடுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். கூலி சற்றுக் குறைவு. கை வெளிப்புறம் திரும்புவது மற்றதைவிடக் கொஞ்சம் குறைவாகவே நிற்கிறது. அதன் பிறகு தோள் ஒருமுறையும் இறங்கவில்லை. தங்கைக்கு அடுத்த தை மாதம் திருமணம் மந்திரித்தோம்.

இவ்வளவுக்கும் இடையில் ஒன்றை நாம் தள்ளிப்போட்டே வந்தோம். தெரு கேட்கச் சொன்னதைத் தெரு கேட்கவே திரும்பப் பெற வேண்டும் என்பது தாய் சொன்ன நாளிலேயே நமக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்றிருந்தோம்; அந்த ஞாயிறு ஆயரின் சுற்றுமடல் வாசிக்க வேண்டியிருந்தது. பிறகு அறுவை முடியட்டும் என்றோம். பிறகு தபசுக்காலம். குருவானவர் கோயிலில் மன்னிப்புக் கேட்டால் மக்கள் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணமே உண்மையான காரணம், மற்றவை சாக்குகள்.

2019 ஆகஸ்டு 15. வாணம் இல்லாத திருவிழா. தொழிற்சாலை மதில் திருப்பம் வந்ததும் சப்பரத்தை நிறுத்தச் சொன்னோம். பையன் சுமக்கவில்லை, முன்னே விளக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியை வாங்கி, சென்ற ஆண்டு இதே இடத்தில் ஒருவனைக் குடிகாரன் என்று சொன்னோம், அவன் குடித்திருக்கவில்லை, நோயோடு மாதாவைச் சுமந்தான், நாம் சொன்னது பொய், மன்னிக்க வேண்டும் என்றோம். இன்னும் இரண்டொரு வார்த்தை சொல்ல இருந்தோம். அதற்குள் அவன் விளக்கு வண்டியை விட்டு நம்மருகே வந்து, காதோரமாக, “ஃபாதர், பசங்க தோள்ல பாரத்தோட நிக்கறாங்க. போலாமா?” என்றான்.

சப்பரம் புறப்பட்டது.